பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

“பேரைச் சொல்லல. நான் பேரைச் சொல்லவே இல்ல.”

காலையிலிருந்து மார்னி இதைத் தனக்குத் தானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாளோ, அவளுக்கே கணக்கில்லை. அடுப்பில் பெரிய பானை. பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட குழம்பு அதில் தளதளவென்று கொதிக்கிறது. பக்கத்தில் பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டிகள் இரண்டு தட்டு நிறைய. இன்று கல்லூரியில் குடும்ப நாள். மத்தியானம் அவள் தங்கியிருக்கிற வீட்டுப் புல்வெளியில் ஞானஸ்நானம், அது முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. அமெரிக்காவின் அயோவாவில் இந்தக் குழம்புக்கு இந்த ரொட்டி இல்லாவிட்டால் ஊரே கோபித்துக்கொள்ளும்.

போன வாரம் அவளை அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் அழவிட்டு வந்தோம், நினைவிருக்கும். அதற்கும் முந்தின கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்.

நோலன் அவளுடைய ஒரே தம்பி. அவளுக்கு இது கடைசி வருஷம், அவனுக்கு முதல் வருஷம், ஒரே கல்லூரி. ஒருநாள் சோளக் கிடங்குக்குப் பின்னால் தன் பழைய வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கையே பார்த்தபடி அவன் சொன்னான்: “எனக்கு நம்பிக்கை இல்ல மார்னி. ரொம்ப நாளாவே இல்ல. அம்மா ஆபரேஷனுக்குப் போறப்ப என்கிட்ட கேட்டது ஞானஸ்நானம் ஒண்ணுதான். அதுக்காகத்தான் அந்தத் தொட்டியில முங்கப் போறேன்.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் இவள்தான்.

அடுத்து வந்தது வியாழன். மார்னி உட்பட ஐந்து மாணவிகள் விசுவாசத்தில் சேர்ந்து வளர வேண்டும் என்று ஒன்றாகக் குடியிருக்கிற வீடு அது. வியாழன்தோறும் இன்னும் ஏழெட்டு மாணவர்கள் அங்கே சாப்பிட வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். பரீட்சைக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறவர்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் யாரும் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்கள். மனசைத் திறந்து கொட்டுகிறவர்களுக்குத்தான் அங்கே மதிப்பு. குழுவை நடத்துகிற மார்னியோ இரண்டு வருஷமாகப் பரீட்சையைத் தாண்டவில்லை.

“நீ எங்க எல்லாரையும் தாங்குற மார்னி. ஆனா உன்னை நாங்க இன்னும் பார்க்கவே இல்ல” என்றாள் கூட வசிக்கிற டெஸ். அன்பாகத்தான் சொன்னாள்.

அது மார்னிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தன்னிடம் திறந்து காட்ட என்ன இருக்கிறது என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. நோலனுடையதுதான் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

“எனக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தர்” என்று ஆரம்பித்தாள். அழுதாள். அது நிஜ அழுகைதான். எல்லோரும் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்கள். டெஸ் கட்டிப்பிடித்துக்கொண்டு, “இன்னைக்குத்தான் நீ எங்கள்ல ஒருத்தி ஆன” என்றாள். அந்த நிமிஷம் மார்னிக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அதை நினைக்கும்போதுதான் இப்போது உடம்பே கூசுகிறது.

---

வெளியே எஸ்ராவின் குரல் கேட்டது. “எங்க அப்பாவோட மாட்டுக்குக்கூட நான் இவ்வளவு சேவகம் பண்ணதில்ல!”

மாடுகள் தண்ணீர் குடிக்கிற பெரிய தகரத் தொட்டியைப் புல்வெளியில் போட்டு, குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் குளிரில் தண்ணீர் கையை வெட்டியது. எஸ்ரா வீட்டுக்குள்ளிருந்து கெண்டி கெண்டியாக வெந்நீரைச் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமைக் குழுவில் அவனும் ஒருத்தன். பண்ணையில் வளர்ந்த பையன், நல்ல மனசு, வாய் மட்டும் நிற்காது.

“ஊத்து, ஊத்து. போன வருஷம் ஒருத்தனுக்கு முங்கி எழுந்ததும் பல்லு தந்தியடிச்சுதே, ஞாபகம் இருக்கா?” என்றாள் டெஸ். “சாட்சி சொல்றான்னு நினைச்சு எல்லாரும் ஆமென் போட்டோம்.”

நோலன் மடக்கு நாற்காலிகளை அடுக்கிச் சுமந்துகொண்டு வந்தான். சமையலறை ஜன்னல் வழியாக மார்னி பார்த்தாள். எஸ்ரா கெண்டியைக் கீழே வைத்தான். நோலனிடம் போய் அவன் தோளில் கை வைத்தான். தலையைக் குனிந்து ஏதோ சொன்னான்.

அடப்பாவி, வேண்டாம், வேண்டாம் என்று மார்னி உள்ளே கதறினாள். கரண்டி பானைக்குள் நழுவி விழுந்தது.

நோலன் நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தான்.

---

உள்ளே வந்தவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“எஸ்ரா எனக்காக தினமும் ஜெபிக்கிறானாம். சந்தேகம் வர்றது பாவம் இல்லைன்னு சொல்றான். நான் எப்ப அவன்கிட்ட சந்தேகம்னு சொன்னேன்?”

“நோலன், நான்...”

“எத்தனை பேருக்குத் தெரியும்?”

“வியாழக்கிழமைக் குழுவுக்கு மட்டும்தான். பேரைச் சொல்லல. சத்தியமா சொல்லல. எனக்கு வேண்டியவங்க ஒருத்தர்னுதான் சொன்னேன். அம்மாவுக்காக ஞானஸ்நானம் எடுக்கப் போறான்னு...”

“உனக்கு எத்தனை தம்பி மார்னி?”

இத்தனை நாளாகக் கையில் வைத்திருந்த ஒரே சமாதானம் அந்தக் கேள்வியில் பொடிப்பொடியாகிவிட்டது.

“ஜெபத்துக்குத்தான் கேட்டேன்” என்றாள். சொல்லும்போதே அந்தப் பேச்சு அவள் காதுக்கே கசந்தது.

“உனக்காகக் கேட்டியா, எனக்காகக் கேட்டியா?”

அவள் பானைக்குள் விழுந்த கரண்டியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

நோலன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பத்தொன்பது வயசுப் பையன் அந்த நொடியில் ஐந்து வயசுக் குழந்தையாகத் தெரிந்தான். “ஒண்ணு சொல்லட்டுமா? உன்கிட்ட சொன்ன அன்னைக்கு, ரூமுக்குப் போய் ஜெபம் பண்ணேன். தானா வந்துச்சு. வருஷக்கணக்கா வராதது. ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லிட்டோம்ல, அதனாலதான்னு நினைச்சேன். ஒருவேளை இன்னைக்குள்ள எனக்கே நிஜமா ஆயிடுமோன்னுகூட நினைச்சேன்.”

“நோலன்...”

“இப்ப அது போச்சு. அம்மாகிட்ட மட்டும் நீ வாயைத் திறக்காதே. அதையாவது நான் சொல்லிக்கிறேன்.”

பின்வாசல் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைக் கிளறக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

---

அம்மா டார்லீன் தனியாகத்தான் வந்தாள். அப்பாவுக்கு சோயா அறுவடை. ஈரம் ஏறுவதற்குள் அறுத்தாக வேண்டும், மகனுடைய ஞானஸ்நானத்துக்குக்கூட மிஷினை விட்டு இறங்க முடியாது. சிகிச்சையில் கொட்டிப்போன அம்மாவின் முடி இப்போது குட்டையாக, சுருள் சுருளாக வளர்ந்திருந்தது. கையில் ஒரு பழுப்பு நிறத் துண்டு. நோலன் சின்ன வயசில் நீச்சலுக்குக் கொண்டுபோகிற துண்டு அது.

“எங்க அவன்?”

“கொஞ்சம் வெளிய போயிருக்காம்மா.”

“ஓ” என்றாள் டார்லீன். அந்த ‘ஓ’வில் ஆச்சரியமே இல்லை.

மார்னி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சாமான் அறைக்குள் போய், “இங்க வா, கதவைச் சாத்து” என்றாள். மாவு மூட்டைக்கும் தக்காளி டப்பாக்களுக்கும் நடுவில் தாயும் மகளும் நின்றார்கள்.

“செவ்வாய்க்கிழமை வெர்னா ஃபோன் பண்ணா. ஜெபச் சங்கிலியில எனக்கு முன்னாடி அவதான்.”

ஊர்ச் சபையில் ஜெபச் சங்கிலி என்றால் ஒருத்தி அடுத்தவளுக்கு ஃபோன் செய்வாள், அவள் அதற்கடுத்தவளுக்கு. வியாதி, விபத்து, வேலை போனது எல்லாம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டவர்கள் உண்மையாகவே ஜெபிக்கவும் செய்வார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

“ஒரு காலேஜ் பையனாம். நம்பிக்கை இல்லையாம். உடம்பு சரியில்லாத அம்மாவுக்காகப் பொய்யா ஞானஸ்நானம் எடுக்கப் போறானாம். அவனோட அக்கா உடைஞ்சு போய் ஜெபம் கேட்டாளாம். வெர்னாவோட அக்கா பொண்ணுதான் உன்கூட இருக்கிற டெஸ்ஸோட அம்மா. தெரியுமா உனக்கு?”

“தெரியாதும்மா.” டெஸ் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஜெபத்துக்காகத்தான், சந்தேகமே இல்லை. எல்லோரும் ஜெபத்துக்காகத்தான் சொன்னார்கள்.

“நான் என்ன பண்ணேன் தெரியுமா?” என்றாள் டார்லீன். “உட்கார்ந்து ஜெபம் பண்ணேன். கண்ணுல தண்ணி வர ஜெபம் பண்ணேன். அப்புறம் அடுத்து இருக்கிற கிளாடிஸுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். ‘அந்தப் பையனைவிட அந்த அம்மாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு கிளாடிஸ், ஒண்ணும் தெரியாம துண்டை எடுத்துக்கிட்டுப் போய் நிப்பாளே’ன்னு, என் வாயால நானே சொன்னேன்.”

மார்னி சுவரில் சாய்ந்தாள்.

“சொல்லிட்டுப் போய் உருளைக்கிழங்கு சீவிக்கிட்டு இருந்தேன். பாதி கிழங்குல கை நின்னு போச்சு.”

“அம்மா, என்னை மன்னிச்சிடும்மா.”

“இரு. இன்னும் இருக்கு. உடனே கிளாடிஸைக் கூப்பிட்டு, மேல சொல்லாதேன்னு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தணும்னா அது நான்தான்னு சொல்லணும். சொல்ல வெட்கமா இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன். என் பிள்ளையை ஊர் முழுக்க விட்டுட்டு நான் கிழங்கை வேகப் போட்டேன்.” டார்லீன் துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் அவன்கிட்ட அதைக் கேட்டிருக்கவே கூடாது. சாகப் போறோம்ங்கிற பயத்துல கேட்டேன். அவனால எப்படி முடியாதுன்னு சொல்ல முடியும்?”

மகள் அழுதாள். அம்மா அழவில்லை, கட்டியணைக்கவும் இல்லை. அது மார்னிக்கு உறைத்தது, உறைக்கட்டும் என்றும் இருந்தது.

“எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாதே” என்றாள் டார்லீன். “அவனே வந்து சொல்லட்டும். அந்த மரியாதையையாவது அவனுக்கு மிச்சம் வைப்போம்.”

---

மத்தியானம் புல்வெளி நிறைந்துவிட்டது. பெற்றோர்கள் கோட்டும் தொப்பியுமாக மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு பெண், அடுத்து ஒரு பையன். முங்கி எழுந்து நடுங்கியபடி சிரித்தார்கள். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். மூன்றாவது நோலனின் முறை. அவன் வண்டியெடுத்துப் போனது டெஸ்ஸுக்குத் தெரியாது.

இங்கே ஒரு வழக்கம். தண்ணீரில் இறங்குகிறவருக்காக விசுவாசத்தில் அவருக்குத் துணையாக இருந்த ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். நோலனுக்குப் பேச வேண்டியவள் மார்னி.

“அடுத்து நம்ம நோலன்! மார்னி, வா” என்றாள் டெஸ்.

மார்னி தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கடைசி வரிசையில் அம்மா, மடியில் அந்தத் துண்டு. சொல்லிவிடலாம், எல்லார் முன்னாலும் நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். அப்படிச் சொன்னால் இந்தப் பாரம் இறங்கிவிடும்.

“நான் ஒரு தப்பு...” என்று ஆரம்பித்தாள்.

முகங்கள் இளகின. டெஸ்ஸின் கை நெஞ்சுக்குப் போயிற்று. எஸ்ரா முன்னால் சாய்ந்தான். வியாழக்கிழமை பார்த்த அதே முகங்கள், அதே ஈரக் கண்கள். இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் போதும், எழுந்து வந்து தோளில் கை வைப்பார்கள். எவ்வளவு தைரியம் உனக்கு என்பார்கள். நோலனைப் பற்றித் தெரியாத மிச்சப் பேருக்கும் அப்போது தெரிந்துவிடும்.

ஐயோ, மறுபடியும் அதையேதான் செய்யப் பார்க்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது. காது மடல் வரை சுட்டது.

“நோலன் இன்னைக்கு வரல” என்றாள். “அவ்வளவுதான்.”

டெஸ் எழுந்தாள். “அப்போ நாம எல்லாரும் சேர்ந்து இப்பவே அவனுக்காக...”

“வேண்டாம் டெஸ்.”

அந்தப் புல்வெளியில் ஜெபம் வேண்டாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதுவும் குழுவை நடத்துகிறவள் சொல்லி! முன்வரிசையில் ஒரு அப்பா இருமினார். யாருடைய குழந்தையோ தொட்டியில் கல் எறிந்தது. மார்னிக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் வேறொன்றும் சொல்லாமல் போய் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டார்லீன் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் துண்டின் ஒரு நுனியை எடுத்து மகளின் குளிர்ந்த கைகளின் மேல் போட்டாள்.

---

சாப்பாடு பரிமாறும்போது டெஸ்ஸைத் தனியாகப் பிடித்தாள். அழாமல் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அன்னைக்கு நான் சொன்னது என்னோட விஷயம் இல்ல. அவனோடது. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்.”

“நாங்க அன்போடதானே...”

“தெரியும். நீ உங்க அம்மாகிட்ட சொன்ன. அது எங்க அம்மா வரைக்கும் போயிருக்கு.”

டெஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று மார்னிக்கு வாய் வரை வந்தது, தேற்றவில்லை. அடுத்து எஸ்ராவைத் தேடிப் போனாள். அவனிடமும் அதையே சொன்னாள். குழுவில் இன்னும் எத்தனையோ பேர் பாக்கி. ஒவ்வொருத்தராகப் போய்ச் சொல்லியாக வேண்டும். யாரும் கட்டிப்பிடிக்காத மாதிரி சொல்லியாக வேண்டும்.

வாசல் படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் வந்தாள்.

“எங்க இருப்பான்னு உனக்குத் தெரியும்” என்றாள் டார்லீன்.

தெரியும். சோளக் கிடங்குக்குப் பின்னால். தனியாக இருக்க வேண்டுமென்றால் அவன் போகிற இடம் அது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

“தெரியும்மா. ஆனா சொல்ல மாட்டேன்.”

டார்லீனின் கண்ணில் கோபம் எழுந்தது. பெற்றவளிடமே சொல்ல மாட்டாயா என்று கேட்க வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அப்போது மார்னியின் ஃபோன் அடித்தது. நோலன்.

“அம்மா வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க. பக்கத்துலதான் இருக்காங்க.”

“நான் எங்க இருக்கேன்னு சொல்லிட்டியா?”

“இல்ல.”

“கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

காற்று ஃபோனில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“மார்னி, அம்மாவுக்குத் தெரியுமா?”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள்: சொல்லாதே. ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவள் கையில் இப்போது இரண்டு. ஆமாம் என்றால் அம்மாவுக்குத் துரோகம், இல்லை என்றால் தம்பியிடம் பொய்.

“அதை நீ அம்மாகிட்டயே கேட்கணும் நோலன். நான் சொல்லக் கூடாது.”

நோலன் முட்டாள் இல்லை. மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

“ஃபோனை அவங்ககிட்ட குடுக்காதே” என்றான். கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பழுப்புத் துண்டைக் கொண்டு வந்திருக்காங்களா?”

“ம்.”

வண்டி உறுமுகிற சத்தம். தொடர்பு அறுந்தது.

“வர்றானா?” என்றாள் டார்லீன்.

“தெரியலம்மா.” இங்கே வருகிறானா, நேரே ஊருக்கே போய்விடுகிறானா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எஸ்ரா புல்வெளியிலிருந்து தயங்கித் தயங்கி வந்தான். அவன் முகத்தில் விளையாட்டே இல்லை. “ஆன்ட்டி... தொட்டித் தண்ணியைக் கொட்டிடவா? இல்ல, கொஞ்ச நேரம் வெச்சிருக்கட்டுமா?”

மார்னி அம்மாவைப் பார்த்தாள். இந்த ஒரு நாளுக்காகத்தான் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

“கொட்டிடுப்பா” என்றாள் டார்லீன். “என் பையன் வந்தா சாப்பிடத்தான் வருவான்.”

எஸ்ராவும் டெஸ்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியைச் சாய்த்தார்கள். தண்ணீர் புல்லெல்லாம் பரவி, படிக்குக் கீழே அம்மாவின் செருப்பு வரை வந்தது. டார்லீன் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. மார்னி உள்ளே போய், அடிப்பிடித்த பானையில் மிச்சமிருந்த நல்ல குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

தெருமுனையில் ஏதோ ஒரு வண்டி வேகத்தைக் குறைக்கிற சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை.